பாரம் தூக்கிற பெல்ட்

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் வீட்டுத்திட்டத்தில் மேற்குப் பக்கத்து யன்னல்களைப் பகல் முழுக்கச் சாத்தியே வைப்பார்கள். அறுவடை முடிந்த வயல் வட்டையிலிருந்து சூடும் தூசியும் வைக்கோல் துணுக்குகளும் நேரே வீட்டுக்குள் வரும். சுனாமிக்குப் பிறகு சாய்ந்தமருதின் கடற்கரையிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து வயலோரத்தில் குடியேற்றிய சனங்கள் கடல் இரைச்சல் இல்லாமல் தூங்கப் பழகிவிட்டார்கள். இந்தக் காற்றுக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. எல்லா வீடும் அப்படிச் சாத்திக் கிடந்த ஒரு முற்பகலில்தான் றுகையா தன் மகனைத் தூக்கியபடி விழுந்தாள்.

மகன் ஸிராஜுக்கு இருபது வயது. சின்ன வயதில் ஓடித் திரிந்த பிள்ளைதான். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு படி ஏறும்போது தொடையில் கையை ஊன்றி ஏறினான். பிறகு ஏற முடியாமல் போனது. பிறகு நிற்க முடியாமல் போனது. உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோகும் வருத்தம், இதற்கு மருந்து இல்லை என்று கொழும்பில் சொல்லி அனுப்பினார்கள். இப்போது அவனுக்குக் கழுத்தைத் திருப்ப முடியும், விரல்களால் போனைத் தட்ட முடியும். அவ்வளவுதான். கட்டிலிலிருந்து சக்கரக் கதிரைக்கு, அங்கிருந்து கக்கூசுக்கு, குளியலறையில் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரைக்கு, மறுபடியும் கட்டிலுக்கு என்று விடிந்தால் பொழுதுபட்டால் அவனை யாராவது தூக்க வேண்டும்.

வாப்பா ஷரிபுதீன் ஆழ்கடல் போட்டில் போகிறவன். போனால் கிழமைக்கணக்கில் கடலில்தான். அவன் கரையில் நிற்கும் நாட்களில் அவன் தூக்குவான். மற்ற நாட்களில் றுகையாவும் மூத்த மகள் அப்னாவுமாகத் தூக்கினார்கள். றுகையா கக்கத்துக்குள் கைகொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள், அப்னா முழங்காலுக்குக் கீழே பிடிப்பாள். அப்னா கலியாணம் முடித்த பிறகும் ஊர் வழக்கப்படி இந்த வீட்டிலேயே மேல்மாடியில் இருந்தாள். மாப்பிள்ளை கொழும்பில் புடவைக் கடையில் நின்றான், மாதம் ஒருமுறை வந்து போவான். போன தடவை வயிற்றில் தங்கியது கலைந்துவிட்டது. இந்த முறை தங்கியதும், ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து றுகையா தனியே தூக்கினாள். விடிய எழும்பி இரண்டு தேத்தண்ணீர்க் கடைகளுக்கு இடியப்பம் பிழிந்து அவித்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கைகளாலேயே தூக்கினாள்.

அன்று குளிக்க வார்த்து, துடைத்து, சாறனைச் சுற்றிவிட்டு, அவனை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு குளியலறை வாசலைத் தாண்டும்போது அவளுடைய இடுப்பில் ஏதோ ஒன்று விட்டுப்போனது. வலி பிறகுதான் வந்தது. முதலில் கால்கள் இரண்டும் தன்னுடையவை இல்லை போல இருந்தது. மகனின் தலை நிலத்தில் அடிபடக் கூடாது என்ற ஒரே நினைப்பில் அவனைத் தன்மேல் போட்டுக்கொண்டு மல்லாக்க விழுந்தாள்.

அவளால் அவனைப் புரட்டிவிட்டு எழும்ப முடியவில்லை. அவனால் அவள்மேலிருந்து நகர முடியவில்லை. அப்னா கிளினிக்குக்குப் போயிருந்தாள். ஈரச் சீமெந்துத் தரையில் தாயும் மகனும் அப்படியே கிடந்தார்கள். அவனுடைய முகம் அவளுடைய கழுத்துக்குள் புதைந்து மூச்சு முட்டுவது அவளுக்குக் கேட்டது. ஒரு கையை எப்படியோ எடுத்து அவன் தலையைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டாள். நஸீறா, நஸீறா என்று அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். சாத்திய யன்னல்களில் காற்று அடித்துக்கொண்டிருந்தது, அவளுடைய குரல் முற்றத்தைக்கூடத் தாண்டவில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிட்டு அவன் முதுகைத் தடவிக்கொண்டு கிடந்தாள்.

ளுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில்தான் நஸீறா, இரவல் வாங்கிப்போன இடியப்ப உரலைத் திருப்பித் தர வந்தாள். பார்த்துவிட்டு ஓடிப்போய்த் தன் மகன் பஸாலைக் கூட்டிவந்தாள். பஸால் ஜிம்முக்குப் போகிற பொடியன், ஸிராஜை விடக் கொஞ்சம் மூத்தவன். தொட்டில் பிள்ளையை எடுப்பது போல ஸிராஜை எடுத்துக் கட்டிலில் கிடத்தினான். அவ்வளவு நேரமும் வாய் திறக்காத ஸிராஜ் அப்போதுதான், உம்மாவை முதலில் பாருங்கள் என்றான்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கிற தட்டு ஒன்று வெளியே தள்ளிவிட்டது என்றார்கள். படுக்கச் சொன்னார்கள். பாரம் தூக்கவே வேண்டாம் என்றார்கள். றுகையா பலகைக் கட்டிலில் படுத்தாள். இடியப்ப உரல் சுவரோடு சாய்ந்து கிடந்தது. சமையலை அப்னா பார்த்தாள். காலையிலும் மாலையிலும் பஸால் வந்து ஸிராஜைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனான்.

பஸால் நல்ல பொடியன். முகம் சுளிக்கவில்லை, சொன்ன நேரத்துக்கு வந்தான். ஆனால் அவன் தூக்கும்போது ஸிராஜ் கண்களை மூடிக்கொள்வான். கக்கூசில் இருத்திவிட்டுப் பஸால் வெளியே நின்று போனில் கதைத்துக்கொண்டிருக்கையில், உள்ளேயிருந்து முடிந்துவிட்டது என்று சொல்லாமலே ஸிராஜ் நெடுநேரம் இருப்பான். பிறகு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க மறுக்கத் தொடங்கினான். குடித்தால் போகவேண்டி வரும். அப்னா இதைக் கண்டுபிடித்து மேலே போய் அழுதாள். ஒருமுறை, யாரும் பார்க்காத நேரம் நான் காலை மட்டும் பிடிக்கிறேன் என்று அவள் வந்தபோது, ராத்தா தொட்டால் கத்தி ஊரைக் கூட்டுவேன் என்றான் ஸிராஜ்.

அந்த பெல்ட்டை றுகையா முதன்முதலில் பார்த்தது அந்த நாட்களில்தான். ஒருநாள் பஸால் ஜிம்மிலிருந்து நேரே வந்தான். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த தோல் பெல்ட், முன்னால் இரட்டைக் கொளுக்கி. எப்போதும் கண்ணை மூடிக்கொள்கிற ஸிராஜ் அன்று கண்ணைத் திறந்து பார்த்தான். எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு, உள்ளே மெத்தை வைத்ததா என்றெல்லாம் கேட்டான். பஸாலுக்கே ஆச்சரியம்.

ஸிராஜின் போனில் இருந்ததெல்லாம் பாரம் தூக்குகிறவர்களின் வீடியோதான். தெருவில் மற்றப் பொடியன்கள் கிரிக்கெட் பார்த்துக் கத்திக்கொண்டிருக்க, இவன் எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒரு தடியன் கம்பியைப் பிடித்துக் குந்தி எழும்புவதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். ஏன் மனே கிரிக்கெட் பார்ப்பதில்லை என்று றுகையா ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"ஓடினது எனக்கு ஞாபகம் இரிக்கி உம்மா. அதப் பாத்தாக் கவலயா வரும். பாரம் தூக்கினது ஞாபகமே இல்ல. அதான் பாக்க ஏலுது" என்றான்.

கட்டார் விசா வந்து பஸால் புறப்பட்டுப் போனான். போகுமுன் சொல்லிக்கொள்ள வந்தபோது, இப்படியொரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தூக்கினால் இடுப்புக்குப் பாதுகாப்பு, கல்முனையில் விளையாட்டுச் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும் என்று றுகையாவிடம் சொன்னான். தன்னுடையதைத் தந்துவிட்டுப் போகலாம்தான், அவளுடைய இடுப்புக்கு அது பெரிது என்றான்.

அவன் போன மறுநாளே றுகையா எழும்பி, ஷரிபுதீனுடைய பழைய சாறன் ஒன்றை நாலாக மடித்து இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு மகனைத் தூக்கினாள். காலுக்குள்ளால் நெருப்புக் கம்பி இறங்குவது போல இருந்தது. மகனுக்குக் காட்டாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் முகம் அவளுடைய முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எதை மறைப்பது.

அப்னா பெல்ட் வேண்டவே வேண்டாம் என்றாள். பெல்ட் வந்தால் உம்மா இன்னும் துணிந்து தூக்குவா, ஒருநாள் மகனைப் போல அவவும் படுக்கையில் விழுந்துவிடுவா, அப்போது இரண்டு பேரையும் யார் தூக்குவது என்றாள். கூலிக்கு ஒரு ஆளைப் பிடிப்போம் என்றாள். தெருவில் விசாரித்தும் பார்த்தாள். கட்டிலோடு கிடக்கிற வளர்ந்த பொடியனைக் குளிக்க வார்த்துக் கழுவிவிட நாள்தோறும் வருகிற ஆம்பிளை ஒருவனும் அகப்படவில்லை. வந்த ஒருவன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு, பிறகு வருவதாகச் சொல்லிப் போனான்.

றுகையா ஆஸ்பத்திரிக்குப் போய், உடற்பயிற்சி சொல்லித் தருகிற பிசியோ மிஸ்ஸிடம் கேட்டாள். பெரியநீலாவணையிலிருந்து வருகிற தமிழ்ப் பெண். எல்லாரிடமும் பொறுமையாகக் கதைப்பாள். பெல்ட் என்றதும் முதலில் றுகையாவைக் குந்தி எழும்பச் சொல்லிப் பார்த்தாள்.

"கட்டலாம் அக்கா. வயித்த இறுக்கிப் பிடிக்கும், முதுகுக்கு ஒரு தாங்கல் மாதிரி இருக்கும். ஆனா அது எலும்ப விட மனசுக்குத்தான் கூட வேல செய்யும். தூக்க ஏலும் எண்டு ஒரு தைரியம் வரும். அந்தத் தைரியத்துக்குத்தான் நான் பயப்பிடுறன்."

"அப்ப வேணாமா மிஸ்?"

"நீங்க இனித் தூக்கவே கூடாது அக்கா. வெளிநாட்டில எண்டா அதுக்கு மெசின் இருக்கு. ஆளத் துணியில போட்டுத் தூக்கிற மெசின்."

"இஞ்ச ஆர் தூக்கிற?"

பிசியோ மிஸ் வாசலில் காத்திருந்த அடுத்த ஆளைப் பார்த்தாள். பிறகு றுகையாவின் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

இதற்கிடையில் ஸிராஜின் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. தேங்காய்ப்பால் குழம்பான பாலாணமும் பொரித்த கீரி மீனும் என்றால் முன்பு இரண்டாம் முறையும் கேட்கிறவன். இப்போது நாலு வாய் ஊட்டுவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு வாயை நெடுநேரம் மென்றுகொண்டே இருந்தான். பின்னேரங்களில் இருமினான். கச்சான் தூசியால் எல்லாருக்கும்தான் இருமல் என்று நஸீறா சொன்னாள், அவளும் இருமிக்கொண்டுதான் இருந்தாள். தோள் எலும்பு வெளியே தெரிந்தது. ஒருநாள் மத்தியானம் சோற்றுப் பீங்கான் அப்படியே இருந்தது.

"என்ன மனே இது. நேத்தும் இப்பிடித்தான் வெச்ச."

"பசி இல்ல உம்மா."

"பசி இல்லாம என்ன. உடம்பப் பாரு, கோழிக் குஞ்சாட்டம் போயிட்டு." பீங்கானை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். குளியலறை வாசல் அவளுடைய நினைவுக்கு வந்தது. "நான் விழுந்ததுக்காகவா? பாரம் கொறையட்டும் எண்டா தின்னாம இரிக்காய்?"

போனைத் தட்டிக்கொண்டிருந்த ஸிராஜின் விரல் நின்றது. பிறகு, "ஓம்" என்றான்.

அவன் பிறந்ததிலிருந்து அவள் அவனை அப்படி ஏசியதில்லை. தன்னைத்தானே பட்டினி போட்டு அழிப்பது ஹறாம் என்றாள். அல்லாஹ் தந்த உடம்பு, உனக்கும் எனக்கும் அதைக் குறைக்க உரிமை இல்லை என்றாள். வயிற்றில் சுமந்தபோது பாரம் என்று சொன்னேனா என்று கேட்டாள். வாப்பா கடலில் கிடந்து காய்வது யாருக்கு, நான் விடிய விடிய மாப் பிழிந்தது யாருக்கு என்று கேட்டாள். மேல்மாடியிலிருந்து அப்னா இறங்கி வந்து பாதிப் படியில் நின்றாள். ஸிராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, போனை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். ஏசி முடித்துக் களைத்துப்போய், நாளைக்கே கல்முனைக்குப் போய் அந்த பெல்ட்டை வாங்கி வருகிறேன் என்றாள் றுகையா.

"வாங்காதீங்க உம்மா."

"ஏன்?"

"வாங்கினா நீங்க இன்னும் கனகாலம் தூக்குவீங்க."

"தூக்காம?"

"என்னக் கட்டில்லயே உடுங்க. துணியால தொடச்சி உட்டாப் போதும். கக்கூசுக்கு ஒரு பேசின் வைங்க."

அவள் சம்மதிக்கவில்லை. இந்தச் சூட்டில் இரண்டு நாள் புரட்டாமல் விட்டாலே முதுகு சிவந்துவிடும். அவளுடைய வாப்பா கடைசிக் காலத்தில் அப்படித்தான் கிடந்தார். முதுகுப் புண்ணில் மருந்து வைக்கும்போது எலும்பு தெரிந்தது. அந்த வாடை தலையணையை எரித்த பிறகும் அந்த அறையில் இருந்தது. அதை ஸிராஜிடம் சொல்லவில்லை. வேறொன்று கேட்டாள்.

"நான் பெல்ட் வாங்கி வந்தா நீ தின்பியா?"

"பாப்பம்" என்றான் அவன்.

அடுத்த நாள் ஷரிபுதீன் கரைக்கு வந்துவிட்டதால் கல்முனைப் பயணம் தள்ளிப்போனது. கடல் உப்பு உரிந்த முகத்தோடு வந்து, குளித்து, முதல் வேலையாக மகனைத் தூக்கிச் சக்கரக் கதிரையில் வைத்தான். வைப்பதற்கு முன் தேவைக்கு மேலே கொஞ்ச நேரம் அவனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு முற்றத்துக்கு வந்து றுகையாவிடம், பிள்ளை மெலிந்து இறங்கிவிட்டான் என்றான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். விழுந்ததை அவன் கடலில் இருக்கும்போதே போனில் கேட்டிருந்தான், பட்டினியை இப்போதுதான் கேட்டான்.

அவன் இருந்த நாட்கள் வீட்டுக்கு ஒரு மூச்சு விட்டது போல இருந்தன. அவனே குளிக்க வார்த்தான். மாலையில் சக்கரக் கதிரையைத் தள்ளிக்கொண்டு வட்டை ஓரத்து வாய்க்கால் வரைக்கும் போய் வந்தான். கடலில் கண்ட திமிங்கிலத்தைப் பற்றி மகனிடம் சொன்னான். ஆனால் அவன் ஊட்டியபோதும் ஸிராஜ் தின்னவில்லை. போட்டில் ஐஸ் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள் என்று போன் வந்த மத்தியானம், இனிக் கடலுக்குப் போகாமல் நின்றுவிட்டால் என்ன என்று றுகையா கேட்டுப் பார்த்தாள்.

"நிண்டா நான் தூக்குவன் புள்ள. தூக்கிக் கதிரயில வெச்சிட்டு அவனுக்கு என்னத்தத் தின்னக் குடுக்கிற?"

காற்று முற்றத்துத் தென்னோலையைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனது. ஷரிபுதீன் எழும்பிச் சட்டையைப் போட்டான். பெல்ட்டை வாங்கு, நல்லதாகப் பார்த்து வாங்கு என்று சொல்லிக் கையில் காசை வைத்துவிட்டுப் போனான். அது நல்லதா கெட்டதா என்று அவனுக்கும் தெரியவில்லை, வேறு எதைச் சொல்லிவிட்டுப் போவதென்றும் தெரியவில்லை.

நஸீறாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு றுகையா ஓட்டோவில் கல்முனை பசாருக்குப் போனாள். குலுங்கும்போதெல்லாம் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கடையில் பந்துகளும் வலைகளும் வெற்றிக் கிண்ணங்களும் நிறைந்திருந்தன. கல்லாவில் இருந்த பொடியன் பெல்ட் என்றதும் உள்ளே போய் இரண்டு மூன்றை எடுத்துவந்து, மகனுக்கா மாமி, இடுப்பு அளவு தெரியுமா என்று கேட்டான்.

"எனக்குத்தான் தம்பி."

அவன் அவளுடைய அபாயாவைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். "ஜிம்முக்குப் போறீங்களா மாமி?"

"இல்ல. ஊட்டுல மகனத் தூக்க."

பொடியன் அளவு நாடாவை நஸீறாவின் கையில் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தொப்புளுக்கு நேரே பிடித்து அளக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். சப்பாத்துப் பெட்டிகள் அடுக்கிய மூலைக்குப் போய் இருவரும் அளந்தார்கள். அவன் எடுத்துவந்த எல்லாம் பெரிது. மறுபடி உள்ளே போய், பெண் பிள்ளைகளுக்கென்று வந்தது, யாரும் வாங்காமல் கிடக்கிறது என்று தூசி தட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். கறுப்புத் தோல். அபாயாவுக்கு மேலாலேயே கட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. இவ்வளவு நாளும் பின்னால் பிரிந்து கிடந்த உடம்பை யாரோ இரண்டு கையாலும் கூட்டிப் பிடித்தது போல இருந்தது. விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து நின்றாள்.

அந்தச் சுகம்தான் அவளைப் பயமுறுத்தியது. பிசியோ மிஸ் சொன்ன தைரியம் இதுதான் என்று விளங்கியது. பெல்ட்டைக் கழற்றிக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு நின்றாள். வாங்கிக்கொண்டு போனால், நான் விழும்வரை உன்னைத் தூக்கப் போகிறேன் என்று மகனிடம் சொன்னதாகும். வாங்காமல் போனால், இனித் தூக்க மாட்டேன், கட்டிலிலேயே கிட என்று சொன்னதாகும். இரண்டில் எது அவனைத் தின்ன வைக்கும் என்று யோசித்தாள். வேறு ஆட்கள் வந்து பந்து வாங்கிக்கொண்டு போனார்கள். பொடியன் அவசரப்படுத்தவில்லை.

"இல்லாட்டி நாளைக்கு வருவமா ராத்தா?" என்றாள் நஸீறா.

"நாளைக்கும் நான்தானே தூக்கணும்" என்று சொல்லிவிட்டு றுகையா காசை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் சமைத்தாள். அப்னாவை அடுப்படியிலிருந்து எழுப்பிவிட்டு, குனியாமல் நின்றபடியே தேங்காய்ப் பால் பிழிந்து பாலாணம் காய்ச்சினாள். நஸீறா வீட்டிலிருந்து வந்த கீரி மீனில் முள் எடுத்து வைத்தாள். பிறகு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மகனுடைய கட்டிலுக்குப் போனாள். ஸிராஜ் பெல்ட்டைப் பார்த்தான். வாங்கவேண்டாம் என்று சொன்ன முகம் இல்லை அது. வீடியோவில் பார்த்ததைக் கையால் தொடும் தூரத்தில் பார்க்கிற முகம்.

"இன்னும் ஒரு ஓட்ட இறுக்குங்க உம்மா. விரல் போகக் கூடா."

இறுக்கினாள்.

"மூச்ச நெஞ்சுக்கு எடுக்காம வயித்துக்கு எடுங்க. எடுத்துப் புடிங்க. வயித்தால பெல்ட்டத் தள்ளுங்க. நான் எழும்பினாப் புறகுதான் மூச்ச உடணும். முழங்கால மடக்குங்க, முதுக வளைக்காதீங்க."

பிஸ்மி சொல்லிக் குனிந்து, கக்கத்துக்குள் கைகொடுத்து, அவன் சொன்னபடி மூச்சை வயிற்றில் நிறைத்துப் பிடித்து, பழைய பாரத்துக்கு வேண்டிய பலம் முழுவதையும் கூட்டி எழும்பினாள். அவன் எந்தப் பாரமும் இல்லாமல் மேலே வந்தான். வந்த வேகத்தில் அவள் பின்னால் சரிந்து, ஒரு கையைச் சுவரில் ஊன்றித்தான் நின்றாள். மற்றக் கை ஒன்றே அவனைத் தாங்கிப் பிடித்திருந்தது. சாறனுக்குள்ளால் அவனுடைய இடுப்பெலும்பு அவளுடைய வயிற்றில் குத்தியது.

அவனைச் சக்கரக் கதிரையில் வைக்கும்வரை அவள் மூச்சு விடவில்லை.

"பெல்ட் நல்லம் மனே" என்றாள். "கொஞ்சமும் நோகல்ல."

"நல்லம்தான்" என்றான் அவன்.

பீங்கானை எடுத்து வந்து அவனுக்கு முன்னால் இருந்தாள். பெல்ட் வாங்கியாயிற்று, வலிக்கவில்லை, இனி நீ எவ்வளவு தின்றாலும் நான் தூக்குவேன், சொன்னபடி தின்ன வேண்டும் என்றாள். ஸிராஜ் அவளைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான். சோற்றையும் ஆணத்தையும் பிசைந்து, மீனையும் வைத்து ஊட்டினாள். மென்றான். கன்னத்தில் ஒதுக்கி ஒதுக்கி மென்றான். கழுத்தை முன்னுக்குத் தள்ளி, கண்ணை இறுக மூடி, விழுங்கினான்.

விழுங்கியது இறங்கவில்லை. நெஞ்சு குலுங்கியது. இருமல் வெளியே வரப் பலம் இல்லாமல் தொண்டைக்குள்ளேயே கிடந்து இரைந்தது. முகம் கறுத்தது. றுகையா பீங்கானைத் தள்ளிவிட்டு அவனை முன்னால் சாய்த்து, முதுகில் உள்ளங்கையால் அடித்தாள். சோற்றுப் பருக்கைகள் மூக்கு வழியாக வந்தன. அப்னா ஓடிவந்து தம்பியின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள், அவன் கத்தவில்லை. மெல்ல மெல்ல மூச்சு வந்தது.

றுகையா அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவளுடைய கையில் ஒரு பதற்றமும் இல்லை, குரலிலும் இல்லை.

"எப்ப இரிந்து மனே விழுங்க ஏலாம?"

"நோன்புப் பெருநாளைக்குப் புறகு இரிந்து. முதல்ல தண்ணி. மறுகா சோறு."

"நான் கேக்கக்குள்ள ஏன் ஓம் எண்டு சொன்ன?"

அவனுக்கு இன்னும் கதைக்க மூச்சுப் போதவில்லை. விட்டு விட்டுச் சொன்னான்.

"நீங்கதானே அப்பிடிக் கேட்டீங்க. வீம்பு எண்டு நினைச்சா ஏசுவீங்க. ஏசக்குள்ள நீங்க அழுறதில்ல."

அப்னா எழும்பிச் சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் அழுவது அங்கிருந்து கேட்டது. றுகையா அழவும் இல்லை, ஏசவும் இல்லை. இருந்த இருப்பில் பெல்ட்டின் விளிம்பு விலாவில் ஏறி வெட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பீங்கானைத் தன் பக்கம் இழுத்து, மீனை ஒதுக்கிவிட்டு, கொஞ்சச் சோற்றில் ஆணத்தை நிறைய விட்டுப் பிசைந்தாள். பருக்கை ஒன்றும் தெரியாமல் பால் போல ஆகும்வரை பிசைந்தாள். சுட்டுவிரலில் தொட்டு அவனுடைய நாக்கில் வைத்தாள்.

"பொறுங்க" என்றான்.

"ஓம். மெல்ல."

அவனுடைய தொண்டை ஒருமுறை அசைந்து நின்றது. மறுபடியும் அசைந்தது. றுகையா அடுத்த வாயைத் தொடாமல், அந்த ஒரு விரல் ஆணம் இறங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.